நாயைக் கேட்டில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கத்து வீட்டு நாயால் தெருவில் நடக்க முடியவில்லை என்று புகார் சொல்பவர்கள், அதை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. வில்லாபுரமோ அண்ணாநகரோ, மதுரையில் பெரும்பாலும் தெரு தெரியும்படி கம்பி கேட்டுக்குப் பின்னால்தான் கட்டுகிறோம். பால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பாலை ஊற்றிவிட்டுப் போகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய்க்குப் பதிந்துவிடுகிறது. தினமும் பல தடவை இதே நடந்தால், கேட் திறந்த ஒருநாள் பாயத்தான் செய்யும். இரண்டு முழச் சங்கிலியில் கட்டினால் விலகிப்போகவும் இடமில்லை, இன்னும் மூர்க்கமாகும்.

கேட்டின் கீழ்ப்பகுதியை, நாயின் தலைக்கு மேல் ஓரடி வரை, தகர ஷீட்டால் மறைத்தாலே பாதிக் குரைப்பு அடங்கும். நாயின் இடத்தைப் பின்கட்டுக்கு மாற்றுங்கள். தூக்கினால் திறக்கும் கொண்டியைப் பெரிய நாய் முன்காலால் தட்டியே திறந்துவிடும். பக்கவாட்டில் இழுக்கும் தாழ்ப்பாள் போட்டு, கேட் தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங்கும் வையுங்கள். தினமும் இருவேளை அரைமணி நேரம் நடக்கவிட வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு ஓட வளர்த்த இனங்கள், அவற்றைக் கட்டியே போடுவது பாவம். சித்திரை வெயிலில் தார்ரோடு நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையை ஐந்து விநாடி தரையில் வைக்க முடியாவிட்டால் கூட்டிப்போக வேண்டாம்.

அக்கம்பக்கத்தார் கல்லெறிந்தால் நாயின் மூர்க்கம் கூடுமே தவிரக் குறையாது. குரைக்கும் நேரங்களை ஒரு வாரம் குறித்துக்கொண்டு, நிதானமாகப் பேசுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும். பேசியும் கேட்காமல் கடிக்கிற நாயை அவிழ்த்துவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவில் போலீசில் புகார் தரலாம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விஷம் வைத்துக் கொன்றாலோ 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தோலில் போடும் ஊசி முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். நாயின் சொந்தக்காரர்களே, பயந்துபோய் அதைக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். பத்து நாள் கட்டிவைத்துக் கவனித்து, நோய்க்குறி தெரிந்தாலோ இறந்தாலோ கடிபட்டவருக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை