கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் ஆட்சியர்களுக்கு

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

கல் குவாரி, ரசாயன ஆலை, அனல் மின் நிலையம், துறைமுக விரிவாக்கம் என ஏதாவது ஒரு திட்டத்துக்காக மாவட்டந்தோறும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடக்கின்றன. 1997 ஏப்ரலில் கட்டாயமான இந்த நடைமுறை, இப்போது 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பிற்சேர்க்கைப்படி நடக்கிறது. அந்தப் பிற்சேர்க்கையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியே கூட்டத்தை வெறும் சடங்காக்கிவிடவும் முடியும், உருப்படியாக நடத்தவும் முடியும். அது உங்கள் கையில்தான் இருக்கிறது. கீழே நாங்கள் கேட்பவற்றில் எதற்கும் புதுச் சட்டமோ அரசாணையோ வேண்டியதில்லை.

இந்தக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. இதற்குக் கோரம், அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம்தான். ஊரே புறக்கணித்தாலும் நடந்து முடிந்ததாகவே கணக்கு. திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரலாமா என்று முடிவெடுப்பவர்களும் மேடையில் இல்லை. ‘ஏ’ பிரிவுத் திட்டமென்றால் டெல்லியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அதன் நிபுணர் குழுவும், ‘பி’ பிரிவென்றால் சென்னை சைதாப்பேட்டையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமும் அதன் மதிப்பீட்டுக் குழுவும் முடிவு செய்கின்றன. அவர்கள் கைக்குப் போவது நடவடிக்கைக் குறிப்பு, வீடியோ பதிவு, மக்கள் எழுப்பிய பிரச்சினைகளும் அவற்றுக்கு நிறுவனம் சொன்ன பதில்களும் அடங்கிய பட்டியல், எழுத்து மனுக்கள். மைக்கில் தொண்டை வறளப் பேசியது இந்தக் காகிதங்களில் ஏறவில்லை என்றால் பேசாததற்குச் சமம்.

முதலில், கூட்டத்துக்கு முப்பது நாள் முன்பே தர வேண்டிய அறிவிப்பைப் பற்றி. ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வந்துவிட்டால் கடமை முடிந்தது என்று கோப்பில் எழுதிவிடலாம். டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே வரும் அந்த விளம்பரத்தைக் குவாரிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர் பார்ப்பதே இல்லை. பத்திரிகை போய்ச் சேராத இடத்தில் தண்டோரா போடலாம், வானொலி வழியாகவும் சொல்லலாம் என்று பிற்சேர்க்கையே சொல்கிறது. இன்றைக்குப் பத்திரிகை வராத ஊர் இல்லை, பத்திரிகை வாங்காத வீடுகள்தான் அதிகம். ஆகவே தண்டோராவையும் ஆட்டோ ஒலிபெருக்கியையும் எல்லாத் திட்டங்களுக்கும் வழக்கமாக்குங்கள். அந்த முப்பது நாளுக்குள் கிராம சபை நாள் வந்தால் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) அதன் பொருள் நிரலில் இந்த அறிவிப்பைச் சேர்க்கச் சொல்லி ஊராட்சிச் செயலருக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். செலவே இல்லாத வழி இது.

அறிவிப்பு கிடைத்தவர், திட்டத்தின் பாதிப்புகளைப் பற்றி நிறுவனம் தயாரித்த மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கப் போகும்போது அடுத்த சிக்கல். வரைவு அறிக்கையின் குறைந்தது பத்துப் பிரதிகளை நிறுவனம் தர வேண்டும்; ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் என்று அவை பிரிந்து போகும். ஊராட்சி அலுவலகத்துக்குப் போன பிரதி பீரோவுக்குள் இருக்கும், பீரோ சாவி செயலரிடம் இருக்கும், செயலர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருப்பார். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே செயலர் வீட்டு வரி முதல் குடிநீர் வரை எல்லாவற்றையும் பார்க்கிற இடத்தில் இப்படித்தான் ஆகும். பிரதி எங்கே இருக்கிறது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை பார்க்கலாம், யாரைக் கேட்க வேண்டும் என்ற மூன்று வரியை அலுவலக வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். பார்க்க வந்தவர் கையெழுத்திட ஒரு பதிவேடு வையுங்கள். முப்பது நாள் கழித்து அதில் இரண்டே கையெழுத்து இருந்தால், ஊருக்குச் செய்தி போகவில்லை என்பது கூட்டத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படிக்கக் கிடைத்தாலும் மொழி இடிக்கிறது. தமிழில் தர வேண்டியது சுருக்கம் மட்டுமே. முழு அறிக்கை பல நூறு பக்க ஆங்கிலம். 2020-ல் புதிய வரைவு அறிவிக்கையை மத்திய அரசு வெளியிட்டபோது, அதை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாட்டுக்கே பொதுவான ஒரு வரைவுக்கு அது பொருந்துமென்றால், ஒரு ஊரின் கிணற்றைப் பற்றிய அறிக்கைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். முழு மொழிபெயர்ப்பு கேட்டால் நிறுவனம் தயங்கும், தெரியும். திட்ட விவரம், தண்ணீர்த் தேவை, பாதிப்பும் தடுப்பு ஏற்பாடும், சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்ட அட்டவணை ஆகிய பகுதிகளையாவது தமிழில் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை.

தமிழ்ச் சுருக்கத்தின் தரத்தையும் ஒருமுறை பாருங்கள். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிய சுருக்கங்கள் வருகின்றன. மொழி சரியாக இருந்தாலும் அளவுகள் ஊருக்குப் புரியாதவை. ‘நாளொன்றுக்கு 500 கே.எல்.டி. நிலத்தடி நீர்’ என்று படித்தால் யாருக்கும் எதுவும் உறைக்காது. ஒரு கே.எல்.டி. என்றால் நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டர்; ஆக அது 5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட 42 லோடு, தினமும். ‘ஆழம் 45 மீட்டர்’ என்பது ஏறத்தாழ 148 அடி. 60 அடிக் கிணறு வைத்திருப்பவர் இதைப் படித்த அடுத்த நிமிடம் சரியான கேள்வியைக் கேட்பார். ஹெக்டேருக்குப் பக்கத்தில் ஏக்கர், மீட்டருக்குப் பக்கத்தில் அடி, கே.எல்.டி.க்குப் பக்கத்தில் லிட்டர். இது இல்லாத சுருக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

அறிக்கையைப் புரட்டுகிறவர்கள் எதைத் தேட வேண்டும் என்று ஒரு பக்கத் துண்டறிக்கையை வாரியமே அச்சடிக்கலாம். காற்று மாதிரி எடுத்த இடங்களின் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறதா? காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் மட்டும் கருவி வைத்தார்களா? 10 கிலோமீட்டர் வட்ட வரைபடத்தில் நம் ஏரி, ஓடை, பள்ளிக்கூடம் இருக்கின்றனவா? மாதிரி எடுத்தது எந்த மாதங்களில்? அடிப்படைத் தரவுகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையவையாக இருக்கக் கூடாது. பக்கத்தில் இன்னும் எத்தனை குவாரி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார்களா? 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் சிறு குவாரிகளைச் சேர்த்துக் கணக்கிடும்போது 5 ஹெக்டேரைத் தாண்டுவதால்தான் பல கல் குவாரிகளுக்குக் கூட்டமே நடக்கிறது. அப்படியிருக்க, அறிக்கை தன் ஒரு குழியின் தூசியை மட்டும் கணக்கிட்டால் அது பாதிக் கணக்கு. பொய்த் தகவல் தந்தாலோ தெரிந்தே மறைத்தாலோ விண்ணப்பத்தையே நிராகரிக்கலாம் என்கிறது அறிவிக்கையின் எட்டாம் பத்தி. அந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்கத் தோதானவர்கள் உள்ளூர்க்காரர்களே. இல்லாத ஓடையும் இருக்கிற ஓடையும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இடமும் நேரமும்: ‘திட்ட இடத்தில் அல்லது அதற்கு மிக அருகில்’ என்கிறது பிற்சேர்க்கை. தாலுகா தலைநகரத்துத் திருமண மண்டபம் அருகில் ஆகாது. பெரிய முகூர்த்த நாள், அறுவடை உச்சம், மீனவர் ஊரில் எல்லாரும் கடலுக்குப் போகும் நாள் ஆகியவற்றைத் தவிர்க்க, அந்த ஊர்க்காரர் இரண்டு பேரைக் கேட்டாலே போதும்.

கூட்ட நாளன்று தவறுவது பெரும்பாலும் வரிசையில். நிறுவனத்தின் வேன்களில் வந்தவர்கள் காலையிலேயே முன்வரிசையை நிரப்பிவிடுவார்கள். முதல் இருபது டோக்கனும் அவர்களுக்கே போகும். பாதிக்கப்படும் ஊரின் முறை வரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும், ஆட்சியரின் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகியிருக்கும். வெளியூர்க்காரர் பேசக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. திட்ட எல்லையிலிருந்து எவ்வளவு பக்கத்தில் வீடோ நிலமோ இருக்கிறதோ, அவ்வளவு முன்னால் டோக்கன் கொடுங்கள். பெண்களுக்குத் தனி வரிசையும் தனி மைக்கும் வையுங்கள். பொதுமைக்கில் கட்சிப் பொறுப்பாளர்கள் பேசி முடித்த பிறகு எந்தப் பெண்ணும் எழுந்து வரமாட்டார்.

மேடையில் நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் மட்டும் இருந்தால் பயனில்லை. விளக்கம் கேட்கும் உரிமை வந்திருக்கும் எல்லாருக்கும் உண்டு. விளக்கம் சொல்லத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். அறிக்கை தயாரித்த ஆலோசனை நிறுவனத்தின் நிலத்தடி நீர் வல்லுநரும் காற்று மாசு வல்லுநரும் நேரில் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

நடவடிக்கைக் குறிப்பில்தான் எல்லாம் நிற்கிறது, ஆகவே இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறோம். கூட்ட முடிவில் குறிப்பை மக்கள் முன் தமிழில் படித்துக்காட்ட வேண்டும், அன்றே ஆட்சியர் கையெழுத்திட வேண்டும். நான்கு மணி நேரம் கேட்டதை ஒருவர் அவசரமாக எழுதி, கலைந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்குப் படித்துக்காட்டுவதுதான் பல இடங்களில் நடப்பது. விளைவு, ‘சிலர் ஆதரவு தெரிவித்தனர், சிலர் நிலத்தடி நீர் குறித்து அச்சம் தெரிவித்தனர், உள்ளூர் மக்களுக்கு வேலை கேட்டனர்’ என்ற மூன்று வரி. எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும் வரிகள் அவை. இரண்டு பேரை எழுத வையுங்கள்: ஒருவர் மைக்கைக் கேட்டு எழுத, மற்றவர் அதைக் கணினியில் எண் போட்டு அடித்துத் திரையில் காட்டட்டும். பேசி முடித்தவர் திரையைப் பார்த்து, ‘நான் சொன்னது இதுதான்’ என்றோ, ‘இது விட்டுப்போச்சு’ என்றோ அங்கேயே சொல்லிவிடுவார். ஒரு உள்ளீடு இப்படி இருந்தால் போதும்: ‘எண் 14. கிழக்குத் தெரு விவசாயி. கிணறு 60 அடி. கோடையில் 50 அடியில் தண்ணீர். குவாரி 148 அடி தோண்டினால் ஊற்று திரும்பாதா என்று கேட்டார். நிறுவனப் பதில்: அறிக்கையில் அந்தக் கிணறு அளக்கப்படவில்லை, அளந்து இறுதி அறிக்கையில் சேர்ப்பதாகக் கூறினர்.’ இதைப் படிக்கும் சைதாப்பேட்டைக் குழுவால் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. எதிர்ப்புகளுக்குக் காரணத்தோடு பதில் சொல்லாமல் குழு கடந்து போகக் கூடாது என்று உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மூன்று வரிக் குறிப்புக்கு யாரும் காரணத்தோடு பதில் சொல்ல முடியாது.

எழுத்து மனு கொடுப்பவருக்கு எண்ணும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். வீடியோவை வெட்டாமல் வாரிய இணையதளத்தில் ஏற்றுங்கள்.

ஊர்த் தலைவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒன்று. கூட்டத்தை நடக்கவிடாமல் தடுப்பது வெற்றி போலத் தோன்றும். ஆனால் உள்ளூர் நிலவரத்தால் மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் வகையில் கூட்டம் நடத்த முடியவில்லை என்று அறிக்கை போனால், கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்க அறிவிக்கையின் ஏழாம் பத்தி இடம் தருகிறது. எதிர்ப்பை நேரில் பதிவு செய்ய இருந்த ஒரே மேடையும் அதோடு போய்விடும். ஆட்சியர்களே, இந்தப் பிரிவைக் கூட்டத்துக்கு முன்பே ஊருக்குச் சொல்லிவிடுங்கள். ரகசியமாக வைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

கூட்டம் முடிந்து எட்டு நாளுக்குள் ஆவணங்கள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு (மத்திய அமைச்சகம் அல்லது மாநில ஆணையம்) போக வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் உங்கள் அலுவலகத்திலும் வாரிய இணையதளத்திலும் அவை வைக்கப்பட வேண்டும். அவற்றின் மீது கருத்து அனுப்பவும் மக்களுக்கு உரிமை உண்டு. இந்தக் கடைசி உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. எழுப்பப்பட்ட கவலைகளுக்கு ஏற்ப நிறுவனம் இறுதி அறிக்கையைத் திருத்த வேண்டும். திருத்தினார்களா என்று ஊர் பார்க்க வேண்டுமென்றால் இறுதி அறிக்கையின் கருத்துக் கேட்பு அத்தியாயமாவது ஊராட்சிக்கு வர வேண்டும். இன்று வருவதில்லை.

அனுமதி கிடைத்த பிறகும் உங்கள் வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள் அவகாசம். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை. பொக்லைன் வந்து நிற்கும்போதுதான் அனுமதி வந்த சேதியே தெரிகிறது என்றால் அந்த ஊருக்கு மேல்முறையீட்டு உரிமை காகிதத்தில் மட்டுமே. அனுமதிக் கடிதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்றே அதன் நகலை, நிபந்தனைகளின் தமிழாக்கத்தோடு, ஊராட்சிப் பலகையில் ஒட்டி, ஒட்டிய தேதியைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிபந்தனைகளைப் பின்பற்றியது பற்றி நிறுவனம் தர வேண்டிய அரையாண்டு இணக்க அறிக்கையையும் அதே பலகைக்கு அனுப்பச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மதிப்பீட்டு அறிக்கைகளை ஊர்களுக்குப் படித்து விளக்கும் தன்னார்வலர்கள்