கிளுவை வேலியில் தேடிய ஆமை

காங்கயம்
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் உங்கம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதுவும் போக, இது எனக்கு வாயில் வராத சங்கதி. கொஞ்சம் பொறு, சொல்கிறேன்.

போன வாரம் சேலத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் உன் அண்ணன் மகன் மிருகக்காட்சி சாலைக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டான். நீ சின்னவளாக இருந்தபோது கோயம்புத்தூர் வ.உ.சி. பூங்காவுக்குக் கூட்டிப் போவேனே, அங்கே இப்போது அந்தக் கதை இல்லை. இடம் போதாது என்று 2022-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டது. அதனால் இவன் பார்க்கட்டும் என்று குரும்பப்பட்டிக்குக் கூட்டிப் போனேன். சேர்வராயன் மலை அடிவாரத்தில், 1981-ல் தொடங்கிய பூங்கா. 80 ஏக்கர்கூட வராது. வண்டலூரைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு தோட்டம் மாதிரிதான் தெரியும். ஆனால் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, வெயிலில் எனக்கு அதுவே போதும்.

உள்ளே போனால் புள்ளிமான், கடமான், நாட்டுக்குரங்கு, மயில். எல்லாம் நம் பக்கத்து ஜீவன்கள். டிக்கெட் எடுத்து மயில் பார்த்த காங்கயத்துக்காரன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். விடிந்தால் நம் தோட்டத்தில் பத்துப் பதினைந்து நிற்கிறது. போன பட்டத்தில் நிலக்கடலை முளைக்க முளைக்கக் கொத்திவிட்டது, மறுபடி விதை வாங்கிப் போட்டேன். 1963-லிருந்து தேசியப் பறவை, கை ஓங்கவும் முடியாது, தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் ஓட வேண்டியதுதான். கம்பிக்குப் பின்னால் அது தோகையை விரிக்க, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் செல்போனைத் தூக்கினார்கள். “நம்ம தோட்டத்துல இருக்கறதுதானுங்க அப்பாரு?” என்றான் பையன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலை வாயைப் பிளந்தபடி கிடந்தது. அமராவதி அணை முதலைப் பண்ணையில் நீ அதைப் பார்த்து, “அதுக்குப் பசிக்குதுங்கப்பா” என்று அழுதாயே, ஞாபகம் வந்தது. பசி இல்லை அம்மிணி, உடம்புச் சூட்டை அப்படித்தான் தணித்துக்கொள்ளும். அன்றைக்கு எனக்கும் அது தெரியாது.

அப்புறம் ஆமை இருந்த அடைப்புக்கு வந்தோம். முதலில் நான் பார்க்கவே இல்லை, சத்தம்தான் கேட்டது. சிமெண்டு விளிம்பில் ஓடு உரசுகிற சத்தம். சரக்... ஒரு நிறுத்தம்... சரக். நம் வீட்டில் ராத்திரி கட்டிலுக்கு அடியில் கேட்குமே, அதே சத்தம். குனிந்து பார்த்தேன். நட்சத்திர ஆமை. கறுத்த ஓட்டில் ஒவ்வொரு மேடும் நடுவே மஞ்சளாக, அதிலிருந்து கோலம் இழுத்த மாதிரி கதிர் கதிராகக் கோடுகள். நறுக்கிப் போட்ட கீரையை மென்று வாயெல்லாம் பச்சை. நான் அதன் ஓட்டில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடினேன். நீ உங்கம்மாவின் நகப்பூச்சை எடுத்து வைத்தாயே, அந்தப் புள்ளி. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இங்கே எப்படி இருக்கும்? இருந்தாலும் தேடினேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆடு ஓட்டப் போன இடத்தில், கொழுக்கட்டைப் புல்லுக்குள் நீ கண்டெடுத்தது. மணி என்று பேர் வைத்தாய். அடுத்த சித்திரையில் அதைக் காணோம். வேலிச் சந்து வழியாகப் போய்விட்டது என்று நான் சொன்னேன். மூன்று சாயங்காலம் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளுவை வேலி ஓரமாகவே தேடினாய். காலெல்லாம் முள் கீறல். உங்கம்மா மஞ்சள் வைத்துவிட்டாள். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது போகவில்லை அம்மிணி. பழைய இரும்பு வாங்குகிற ஒரு ஆள் மொபெட்டில் வருவான், அவனிடம் நான்தான் கொடுத்தேன். 300 ரூபாய். மோட்டார் காயில் எரிந்து கிடந்த நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காயில் கட்ட அது பத்தவும் இல்லை. சாக்கில் போட்டுக் கட்டினான், அதற்குள்ளும் அது நகர்ந்துகொண்டிருந்தது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம். நமக்கு யார் சொன்னார்கள்? ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அப்பத்தா சொன்னது ஒன்றுதான் காதில் விழுந்திருந்தது. பிற்பாடு பேப்பரில், சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாக நட்சத்திர ஆமை பிடித்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவேன். மலேசியா, தாய்லாந்து என்று வீட்டில் வளர்க்க விற்கிறார்களாம். 2019-ல் உலக நாடுகள் கூடி அந்த வியாபாரத்துக்கே தடை போட்டார்கள். நம் மணி எந்தச் சாக்கில் எந்த ஊர் போனதோ.

நீ உன் மகளுக்கு மணி கதை சொல்வதாகப் போன மாதம் சொன்னாய். காட்டுக்குப் போய்க் குடும்பம் குட்டியோடு இருக்கிறது என்று. அவளுக்கு எதைச் சொல்வது என்பது உன் இஷ்டம். ஆனால் உனக்குத் தெரிய வேண்டும்.

பூங்காவில் அடைப்பை விட்டு நகர மாட்டேன் என்று நின்றான் பையன். “அப்பாரு, நம்மூட்ல ஒண்ணு வளத்தலாமுங்களா?”

“வேண்டாஞ்சாமி.”

“ஏனுங்க?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா