வார்த்தை வராவிட்டால் நினைவும் இல்லை என்றாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளையின் திறன்கள் படிப்படியாகக் குறைகிற டிமென்ஷியா பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் முழுக்க மறதியைப் பற்றியே இருந்தது. பேச்சில் தொடங்குகிற டிமென்ஷியாவும் உண்டு. பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா என்பார்கள். என் கணவருக்கு இருப்பது அதுதான்.

அவர் கட்டட வரைபடம் போடுகிறவர். அறுபது வயதாகும் முன்பே பேச்சு தடுமாற ஆரம்பித்துவிட்டது. மூக்குக்கண்ணாடி வேண்டுமென்றால் ‘அது... அது...’ என்று கண்ணைச் சுற்றி விரலால் வட்டம் போடுவார். எந்த அலமாரியில் வைத்தார் என்பது நன்றாகத் தெரியும், அந்தப் பக்கம் கையைக் காட்டுவார். பெயர்தான் வராது.

முதலில் போன மருத்துவமனையில் மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். ஒன்றுகூட வாயில் வரவில்லை. ‘நினைவாற்றல் குறைவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து சொந்தக்காரர்கள் அவரை வைத்துக்கொண்டே ‘இவருக்கு எதுவும் ஞாபகம் இல்லையாமே?’ என்று என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர் யார், கடைசியாக எப்போது வந்து போனார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முகம் சுருங்கிப்போகும்.

அப்புறம் ஒரு பேச்சு சிகிச்சையாளர் வேறு விதமாகப் பார்த்தார். இன்னதென்று பெயர் சொல்ல முடியாத சில வடிவங்களைக் காட்டி, பார்த்து வரையச் சொன்னார். நடுவே வேறு ஏதோ வேலை கொடுத்துவிட்டு, வெறும் தாளை நீட்டினார். இவர் பென்சிலை வாங்கி எல்லா வடிவத்தையும் போட்டார். ஒரு கோடு சாய்ந்துவிட்டதென்று அழித்துத் திரும்பவும் போட்டார். சொற்களையும் அப்படியே சோதித்தார்கள். வாயால் சொல்ல வராதவற்றை, வேறு சொற்களோடு கலந்து எழுதிக் காட்டியதும் சரியாகத் தொட்டுக் காட்டினார். அப்படியானால் முதல் சோதனையில் தோற்றது எது? நினைவா, நாக்கா?

இது புதிய விஷயமும் அல்ல. பொதுவான டிமென்ஷியா இல்லாமல் பேச்சு மட்டும் மெல்ல மெல்லக் குறைந்துவந்த ஆறு பேரைப் பற்றி மார்செல் மெசுலம் என்ற நரம்பியல் மருத்துவர் 1982-லேயே எழுதியிருக்கிறார். இந்த நோயிலேயே சொல்லின் பொருள் மறைந்துபோகும் செமான்டிக் வகை வந்தவர்கள் ‘சுத்தியல்னா என்ன?’ என்றுகூடக் கேட்பார்களாம், ஆனால் நேற்று நடந்தது நினைவிருக்கும்.

நினைவு கடைசிவரை பத்திரமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நோய் முற்றும்போது அதுவும் பாதிக்கப்படலாம். என் கணவருக்கு இருப்பது சொல் கிடைக்காமல் தடுமாறும் லோகோபெனிக் வகை; அதில் பெரும்பாலும் மூளையில் அடியில் இருப்பது அல்சைமர் நோயின் மாற்றம்தான் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். அந்த நாள் வரலாம். வருவதற்கு முன்பே வந்துவிட்டதாக எழுதி, வீட்டுக் கணக்கிலிருந்தும் பேச்சிலிருந்தும் அவரை ஒதுக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கேள்வியை அவரிடமே கேளுங்கள், சின்ன வாக்கியமாகக் கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். ஆம், இல்லை என்று தலையசைக்க அவரால் முடியும்.

நினைவுச் சோதனை செய்பவர்கள், பேச்சு தடுமாறுகிறவருக்குப் படத்தையும் வடிவத்தையும் வைத்தும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவை எழுத வேண்டும். ஒரு நரம்பியல் மருத்துவரையும் பேச்சு சிகிச்சையாளரையும் கேட்டு, இந்த நோயைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி