1815ஐ வாட்டர்லூவோடு முடித்துவிடாதீர்கள்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கும் அவற்றைச் சரிபார்க்கும் குழுவினருக்கும்,

வணக்கம். நான் வேலூரில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். உங்களிடம் குறை சொல்வதற்கு முன் என் பக்கத்துக் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அரையாண்டுத் தேர்வில் "பொருத்துக" பகுதியில் 1815 இருந்தது. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போருக்குக் கோடு இழுக்க வேண்டும். ஒரு பையன் கோடே இழுக்காமல், ஓரத்தில் பென்சிலால் "கண்டி ராஜாவைப் பிடித்த வருஷம்" என்று எழுதி வைத்திருந்தான். அவன் வீடு பாலாற்றங்கரைப் பக்கம், கண்டி ராஜாவின் நினைவிடமான முத்து மண்டபத்தைச் சுற்றி ஓடி விளையாடி வளர்ந்த பிள்ளை. விடைக்குறிப்பில் அது இல்லை. நான் சிவப்பு மையில் தப்புப் போட்டுவிட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணை இன்றுவரை அவனுக்கு நான் பாக்கி வைத்திருக்கிறேன்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல். பாடநூலில் ஆண்டுகளை வரிசையாக அடுக்குகிறீர்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு போர், ஓர் ஒப்பந்தம், ஒரு பெயர். அது தேர்வுக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் எங்காவது ஒரு பாடத்திலாவது ஒரே ஓர் ஆண்டை எடுத்து, அந்த ஆண்டில் உலகம் முழுக்க என்ன நடந்தது என்று பிள்ளைகளை உட்கார்ந்து பார்க்க விடுங்கள். அதற்கு 1815ஐ எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். ஏன் அந்த ஆண்டு என்று சொல்கிறேன்.

ஜனவரி 8. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் அருகே ஆண்ட்ரூ ஜாக்சனின் படை பிரிட்டிஷ் படையைத் துவம்சம் செய்கிறது. பிரிட்டிஷ் தளபதி பேக்கன்ஹாம் களத்திலேயே சாகிறார். இதில் கொடுமை என்னவென்றால், அந்த இரண்டு நாடுகளும் அதற்கு இரண்டு வாரம் முன்பே, 1814 டிசம்பர் 24 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. கடிதம் கப்பலில் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். தந்தி இல்லாத உலகம் அது. இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும், "அப்போ செத்தவங்க எதுக்கு செத்தாங்க டீச்சர்?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் பிப்ரவரியில்தான் ஏற்றது, அதனால் சட்டப்படி போர் நடப்பில்தான் இருந்தது என்று பதில் சொல்லலாம். பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்.

அந்த ஆண்டு முழுவதையும் இந்த ஒரே சரட்டில் கோக்க முடியும். எது எங்கே நடந்தது, அது யார் காதுக்கு எப்போது எட்டியது, எட்டியபோது அவர்கள் அதை என்னவென்று புரிந்துகொண்டார்கள்? வாட்டர்லூ வெற்றிச் செய்தி மூன்று நாளில் லண்டனுக்குப் போய்விட்டது. ஜூன் 18 ஞாயிற்றுக்கிழமை போர். 21 இரவு ஹென்றி பெர்சி என்ற அதிகாரி, வென்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் அறிக்கையோடும் பிடிபட்ட பிரெஞ்சுக் கழுகுச் சின்னங்களோடும் லண்டனில் வந்து இறங்கினார். எழுதத் தெரிந்தவர்கள், அச்சுக்கூடம், குதிரை, படகு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த போர் அது. உங்கள் பாடநூலில் அதற்கு இடம் கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, அந்த வசதியெல்லாம் இல்லாத இடத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் 5. இன்றைய இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு அப்போது பிரிட்டிஷார் கையில் இருந்தது. ராஃபிள்ஸ் அங்கே துணை ஆளுநர். அன்று மாலை தொலைவில் பீரங்கி முழங்குவது போல ஓசை. ஜோக்ஜகர்த்தாவில் இருந்த படைப்பிரிவு, பக்கத்துக் காவல் நிலையை யாரோ தாக்குகிறார்கள் என்று நினைத்துப் புறப்பட்டே போய்விட்டது. கரையோரத்தில், கப்பல் ஏதோ ஆபத்தில் சிக்கி வெடி போடுகிறது என்று தேடப் படகுகளை அனுப்பினார்கள். எதிரியும் இல்லை, கப்பலும் இல்லை. அந்த ஓசை 800 கிலோமீட்டருக்கும் அப்பால் சும்பாவாத் தீவில் தம்போரா மலை வெடித்த ஓசை. புனேயில் வெடித்தது சென்னையில் கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை வானத்திலிருந்து சாம்பல் தூவியபோதுதான் ஏதோ எரிமலை என்றே தெரிந்தது. அப்போதும் பக்கத்தில் எங்கோ இருக்கும் மலை என்றுதான் ஆளாளுக்கு நினைத்தார்கள்.

அது முன்னோட்டம். ஏப்ரல் 10 மாலைதான் மலை முழுமூச்சாக வெடித்தது. உச்சியிலிருந்து மூன்று தீத்தூண்கள் தனித்தனியாக எழுந்து, மேலே போய் ஒன்றாகப் பின்னிக்கொண்டதைச் சங்கார் என்ற சிற்றரசின் ராஜா கண்ணால் பார்த்தார். பிறகு சாம்பல். பிறகு ஒரு சூறைக்காற்று. வீடுகளைப் பெயர்த்து, பெருமரங்களை வேரோடு பிடுங்கி, மனிதரையும் குதிரைகளையும் மாடுகளையும் தூக்கிக்கொண்டு போனது. கடல் ஏறி நெல்வயலை அழித்தது. ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமாக இருந்த மலை, எல்லாம் அடங்கியபோது 2,850 மீட்டர். உச்சி இருந்த இடத்தில் ஆறு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம். எழுத்து வரலாற்றில் பதிவான எரிமலை வெடிப்புகளில் இதைவிடப் பெரியது இல்லை. கடலில் நுரைக்கல் தீவு தீவாக மிதந்தது.

வெடிப்பிலேயே செத்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். அப்புறம் பட்டினியிலும் நோயிலும் செத்தவர்களைச் சேர்த்தால் அறுபதாயிரம் என்று சிலரும் தொண்ணூறாயிரம் என்று சிலரும் மதிப்பிடுகிறார்கள். வாட்டர்லூவில் இரு தரப்பிலும் செத்தவர்கள், காயப்பட்டவர்கள் எல்லாரையும் கூட்டினாலும் சுமார் ஐம்பதாயிரம். எண்ணை வைத்துத் துக்கத்தை அளக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுக்குப் பாடமும் வரைபடமும் படைநகர்வு அம்புக்குறிகளும், மற்றதற்கு ஒரு வரிகூட இல்லை என்றால் எங்கோ உதைக்கிறது.

நமக்கு இவ்வளவாவது தெரிவதற்கு ராஃபிள்ஸ் தன் அதிகாரிகளிடம் அறிக்கை கேட்டதுதான் காரணம். அவருடைய மற்ற காரியங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இதற்காக மட்டும் நன்றி சொல்லலாம். நிவாரண அரிசியோடு அவர் அனுப்பிய ஓவன் பிலிப்ஸ் என்ற லெப்டினன்டிடம்தான் சங்கார் ராஜா நடந்ததைச் சொன்னார். வழியெல்லாம் பிணங்களையும் ஆளொழிந்த ஊர்களையும் பிலிப்ஸ் பார்த்துக்கொண்டு வந்தார். பஞ்சம் எவ்வளவு என்பதற்கு அவர் ஒரு செய்தி எழுதியிருக்கிறார்: ராஜாவின் மகள் ஒருத்தியே பசியால் செத்துப்போயிருந்தாள். ஓர் அரசனின் மகள். மற்றவர்கள் கதி என்ன என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று. மலையின் காலடியில் தம்போரா என்று ஒரு சிற்றரசும் பெக்காட் என்று ஒன்றும் இருந்தன. இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. தம்போரா மக்களுக்குத் தனியாக ஒரு மொழி. சுற்றிலும் பேசிய மலாய் இனத்து மொழிகளோடு ஒட்டாதது, பப்புவா பக்கத்து மொழிகளோடு சேர்த்துப் பேசப்படுவது. வெடிப்புக்கு முன்பு தற்செயலாக யாரோ எழுதி வைத்த ஐம்பது சொல் அளவிலான ஒரு பட்டியல் மட்டும் தப்பியது. அதற்கு மேல் அந்த மொழியில் ஒரு வாக்கியம்கூட உலகத்தில் இல்லை. ஒரு தாலாட்டு இல்லை, ஒரு திட்டு இல்லை. மொழியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லப் போகிறோம்? 2004இல் சாம்பலுக்கு அடியில் தோண்டியபோது கரிந்த வீடு ஒன்றும் அதற்குள் இருந்தவர்களின் எலும்புகளும் பாத்திரங்களும் கிடைத்தன.

அறிவியல் பாடத்தோடு இதை இணைப்பது எளிது. மலை கக்கிய கந்தக வாயு மழைமேகத்துக்கும் மேலே போய்விட்டது. அங்கே மழை இல்லை, கழுவிவிட ஆளில்லை. நுண்துளிகளாக மாறி உலகைச் சுற்றிப் பரவி வெயிலைத் திருப்பி அனுப்பியது. மறு ஆண்டு, 1816 ஜூனில், அமெரிக்காவின் வடகிழக்கில் பனி கொட்டியது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மன் பகுதிகளிலும் அறுவடை கெட்டு ரொட்டி விலை ஏறியது. சீனத்தின் யுனான் பகுதியில் பஞ்சம். அங்கே செத்த எவருக்கும் சும்பாவா என்ற பெயர் தெரிந்திருக்காது. கிரீன்லாந்திலும் அண்டார்ட்டிகாவிலும் பனிப்பாளத்தைத் துளைத்து எடுத்தால் அந்தக் கந்தகம் இன்றும் அடுக்காகத் தெரிகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1815 ஏப்ரல் கடைசியில் சென்னையில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போனது, பனியே பெய்தது என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆசைப்பட்டுப் பாடத்தில் சேர்த்துவிடாதீர்கள். தம்போரா உலகின் சராசரி வெப்பத்தைக் குறைத்தது ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான். இரண்டே வாரத்தில், சித்திரை வெயிலில், கடலோரச் சென்னை உறைந்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. வாட்டர்லூவுக்கு முந்தைய நாள் பெய்த பெருமழைக்கும் தம்போராதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த மழையால் சேறான களம் காய நெப்போலியன் காத்திருந்தார் என்பது சரி, மழைக்கு எரிமலையைப் பொறுப்பாக்குவதற்குச் சான்று போதாது. தம்போராவின் பெருமைக்கு நெப்போலியன் தேவையில்லை.

இப்போது என் கடனுக்கு வருகிறேன். பையன் எழுதியது சரி. 1815 பிப்ரவரி 14 அன்று பிரிட்டிஷ் படை கண்டிக்குள் நுழைந்தது. நான்கு நாளில் அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டார். மதுரைப் பக்கத்திலிருந்து போன நாயக்க வம்சத்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. அந்த வம்சம் 1739 முதல் கண்டியை ஆண்டுவந்தது. அவர் நல்ல அரசர் என்று சொல்ல வரவில்லை. தன்னை விட்டுப்போன பிரதானி எகலப்பொலவின் மனைவி மக்களைக் கொன்றவர். பிரதானிகளே வெறுத்துப்போய் இலங்கையின் பிரிட்டிஷ் ஆளுநர் பிரவுன்ரிக் பக்கம் சாய்ந்தார்கள். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம். நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து தப்பிப் பிரான்சில் கரையிறங்கியதற்கு மறுநாள். மேற்கே ஒருவர் அரியணையைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார், கிழக்கே ஒருவரிடமிருந்து அது பறிபோகிறது. அந்த ஒப்பந்தம் அரசரின் உறவினரை எதிரிகள் என்று அறிவித்தது; நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட "மலபார்" ஆண்கள் அனுமதியின்றித் திரும்பக் கூடாது என்றது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரைக் குறித்த சொல் அது.

ஆண்டு முடிவதற்குள் நெப்போலியனும் மறுபடி தோற்று, அக்டோபரில் செயின்ட் ஹெலனாத் தீவில் கொண்டுபோய் விடப்பட்டார். கண்டி அரசரை 1816 தொடக்கத்தில் கப்பலேற்றி எங்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். அவரைத் தரையிலிருந்து தீவுக்கு, இவரைத் தீவிலிருந்து தரைக்கு. நெப்போலியன் 1821இல் போய்விட்டார். இவர் 1832 ஜனவரி 30 வரை இருந்தார். இதே கோட்டையில்தான் திப்புவின் பிள்ளைகளையும் 1806 கிளர்ச்சி வரை வைத்திருந்தார்கள். அவர்களை இங்கே அனுப்பிய ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் படை நடத்தியவர்களில் ஒருவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்து வெலிங்டன் பிரபு. பாருங்கள், வாட்டர்லூவுக்குப் போகவும் எங்கள் ஊர் வழியாக ஒரு பாதை இருக்கிறது.

ஐரோப்பிய எல்லைகளை மறுபடி வகுத்த வியன்னா மாநாட்டை விட்டுவிட்டேனே என்று கேட்பீர்கள். அது உங்கள் நூலில் ஏற்கெனவே நன்றாகவே இருக்கிறது. அதன் இறுதி உடன்படிக்கை வாட்டர்லூவுக்கு ஒன்பது நாள் முன்பே கையெழுத்தானது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்; பிள்ளைகள் எப்போதும் தலைகீழாக எழுதுவார்கள். டேவியின் சுரங்க விளக்கு, நேபாளத்தோடு சுகௌலி ஒப்பந்தம், டிசம்பரில் பிறந்த கணினி நிரல் முன்னோடி ஏடா லவ்லேஸ், இவையெல்லாம் ஓரத்துப் பெட்டிச் செய்திக்குப் போதும்.

நான் கேட்பது பத்துப் பக்கம். கிடைக்காது என்று தெரியும், ஆறு தாருங்கள். அதில் இரண்டு தம்போராவுக்கு. அதுவும் முடியாது என்றால், அடுத்த பதிப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டு உலக வரைபடம் போடும்போது சும்பாவாத் தீவில் ஒரு சிறு புள்ளியும் அருகில் 1815 என்ற எண்ணுமாவது இருக்கட்டும். அப்புறம் விடைக்குறிப்பு எழுதுபவர்களுக்கு: 1815க்கு நேரே கண்டி என்று எழுதினாலும், தம்போரா என்று எழுதினாலும் முழு மதிப்பெண் தரச் சொல்லி அடியில் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
வேலூர்