தொலைதிரை எல்லாமே மோசடி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், ஒரு கணினியின் திரையை இன்னொரு கணினியில் வரவழைக்கும் 'தொலைதிரை' மென்பொருள்களைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பணம் பறிப்பவர்களின் தந்திரங்கள் அதில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால், "இத்தகைய மென்பொருள் எதுவானாலும் உடனே நீக்கிவிடுங்கள், வீட்டிலும் கடையிலும் அதற்கு ஒரு தேவையும் இல்லை" என்று கடைசிப் பத்தியில் முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தேவையோடு ஏழு மாதம் வாழ்ந்தவள் நான்.

மார்த்தாண்டத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். வீடு கருங்கல் பக்கம். ஆலயத் திருவிழா நோட்டீஸ், கோவில் கொடைவிழா நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், நினைவு மலர் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பக்கம் கட்டியே பிழைக்கிறேன். கடையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கர், இன்றைய பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அதில்தான். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது; 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றுவிட்டது. எழுத்துகளை மட்டும் மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் மாற்றிய உடனே வரி உடைகிறது, பெட்டிக்குள் இருந்த செய்தி வெளியே வழிகிறது, 200 பக்க மலரை முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் கட்ட வேண்டியிருக்கிறது. அதனால் அந்தக் கணினியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன ஆனி மாத மழையில் கொல்லைப்புறப் படியில் பாசி வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் முறிந்தது. தட்டு வைத்துத் தைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கையில் ஓர் ஆலயத்தின் நூற்றாண்டு மலர் வேலை பாதியில் இருந்தது. கடையில் உதவிக்கு இருக்கும் பெண் அப்போதுதான் ஐந்து மாதமாக வேலை பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தட்டச்சு வரும், பக்கம் கட்ட வராது.

அப்போது கணினி பழுதுபார்க்கும் ஒருவர் வந்து, கடைக் கணினியின் திரையை வீட்டு மடிக்கணினியில் காட்டிக் கொடுத்தார். விஎன்சி என்ற முறை. அங்கே திரையில் தெரிவதெல்லாம் படமாக இங்கே வருகிறது. நான் தட்டும் விசையும் நகர்த்தும் மவுஸும் அங்கே போகின்றன. கட்டிலில் படுத்தபடி என் பழைய பேஜ்மேக்கர் திறப்பதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்தாம் நாள் மாலை ஆறு மணி இருக்கும். தலையணையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பிழைதிருத்தம் செய்துகொண்டிருந்தேன். என் கை மவுஸில் இல்லாதபோதே அம்புக்குறி திரையின் குறுக்கே போய், இடது கீழ் மூலையில் நின்று, ஒரு பட்டியலைத் திறந்தது. கடைப் பெண்தான் எதையோ தேடுகிறாள் என்று நினைத்து அவளைக் கைப்பேசியில் அழைத்தேன். "அக்கா, நான் தேநீர் வாங்க வெளியே வந்திருக்கிறேன், கடையில் யாரும் இல்லை" என்றாள். ஓடிப்போய் ரவுட்டரிலிருந்து நீல வயரைப் பிடுங்கச் சொன்னேன். அவள் ஓடிய அந்த இரண்டு மூன்று நிமிடமும், முன்பின் தெரியாத ஒருவர் என் கோப்புகளுக்கிடையே உலவுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. கோப்பு எதுவும் அழியவில்லை. ஆனால் அந்த இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் என் அண்ணன் மகன் வந்தான். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான், குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் போய் வருபவன். நடந்ததைக் கேட்டவுடன் அவன் ரவுட்டரைத்தான் திறந்து பார்த்தான். விஎன்சி வழக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் 5900 என்ற போர்ட் (கணினிக்குள் நுழையும் வாசல் எண்) இணையத்துக்கு நேராகத் திறந்து விடப்பட்டிருந்தது. கடவுச்சொல்லாக எங்கள் கடையின் பெயரையே போட்டிருந்தார்கள். "அத்தை, உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் இந்த எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்" என்றான். விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறையில் முதல் எட்டு எழுத்துகளுக்குமேல் கணக்கில் வராதாம். நாம் இருபது எழுத்து போட்டாலும் எட்டுதான். அதற்குமேல், திரையின் படமும் நாம் தட்டும் விசைகளும் மறைகுறி (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல் அப்படியே கம்பியில் போகின்றன. இதை எனக்கு அமைத்துக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

விஎன்சியை நீக்கிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நீக்கவில்லை, அதைச் சுற்றி வேலி போட்டான். நான் இந்தக் கடிதம் எழுதுவதே அந்த வேலியைப் பற்றிச் சொல்லத்தான்.

எங்கள் வீட்டில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றிக் கடையில் வைத்தான். வெளியிலிருந்து வருபவர் அந்தக் கணினியைத்தான் முதலில் அடைய வேண்டும், அதுவும் எஸ்எஸ்எச் என்ற மறைகுறி வழியாக மட்டும். கடவுச்சொல் தட்டி உள்ளே வரும் வசதியையே அதில் நிறுத்திவிட்டான். என் மடிக்கணினியில் இருக்கும் சாவிக் கோப்பும், அந்தச் சாவியைத் திறக்க எனக்கு மட்டும் தெரிந்த ஒரு நீண்ட சொற்றொடரும் இருந்தால்தான் கதவு திறக்கும். அந்த வழிக்குள்ளேயே ஒரு சுரங்கம் போட்டு, அதன் வழியே விஎன்சி போய் வருகிறது. எக்ஸ்பி கணினியில் இருக்கும் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் அந்த மடிக்கணினி ஒன்றுக்கு மட்டும் வழிவிடுகிறது. எக்ஸ்பியின் நெட்வொர்க் அமைப்பில், வெளியே போகும் வழியைக் குறிக்கும் 'கேட்வே' என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டான். அதனால் அது கடைக்குள் பேசும், கடை தாண்டி இணையத்தில் காலெடுத்து வைக்க முடியாது. மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் தேதி நிறுத்திவிட்டது. 2019 மே மாதம், விண்டோஸின் சொந்தத் தொலைதிரை முறையான ஆர்டிபியில் பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்தபோது, கைவிட்ட எக்ஸ்பிக்குக்கூட அவர்கள் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒரு கணினியைத்தான் என்னுடைய அறியாமையால் பத்து நாள் நடுத்தெருவில் உட்கார வைத்திருந்தேன்.

எஸ்எஸ்எச் எப்படிப் பிறந்தது என்றும் அவன் சொன்னான். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டு எடுத்ததைப் பார்த்துத்தான், 1995இல் தாத்து யுலோனென் என்ற ஆய்வாளர் அதை எழுதினாராம். எனக்கு நேர்ந்தது போன்ற ஒரு திருட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை எழுதி உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அந்த விடை மார்த்தாண்டத்துக் கடை ஒன்றை வந்து சேர ஒரு சொந்தக்காரப் பையன் வேண்டியிருந்தது. தங்கள் கட்டுரை அந்தப் பையனின் வேலையைச் செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

விஎன்சியும் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவாகி இலவசமாகவே வெளியிடப்பட்டதுதான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1991இல், வேறோர் அறையிலிருந்த காபிக் குடுவை நிறைந்திருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு கேமராவை அமைத்தவர்களில் ஒருவர். கால் முறிந்து படுத்திருந்த எனக்கு அந்த ஆசை நன்றாகப் புரிந்தது.

தமிழில் பக்கம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் சில செய்திகள், ஏனென்றால் இவற்றை யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. விஎன்சியில் வருவது படம்தான். அதனால் பழைய எழுத்துருக்கள் கடைக் கணினியில் இருந்தால் போதும், வீட்டுக் கணினியில் ஒன்றுகூட வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1984இல் தொடங்கிய எக்ஸ் என்ற இன்னொரு தொலைதிரை முறை இப்படியல்ல. அது வரையும் கட்டளைகளை அனுப்புகிறது, பழைய வழியில் எழுத்துருவை நம் பக்கத்துக் கணினியில் தேடுகிறது. எங்கள் தொழிலுக்கு இது பெரிய வேறுபாடு. அடுத்து, வீட்டில் நான் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுகிறவள். அதே நிலையில் 'க' அடித்தால் அங்கே ஒன்றும் விழவில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை விட்டுவிட்டு எந்த எழுத்து வந்தது என்பதையே விஎன்சி அனுப்புகிறதாம். எக்ஸ்பிக்கு அந்தத் தமிழ் எழுத்து புரியவில்லை. வீட்டு விசைப்பலகையை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, பழைய தட்டச்சு வரிசையிலேயே அடித்தேன், சரியாக வந்தது. நகலெடுத்து ஒட்டுவதிலும் இதே கதை. யூனிகோடு தமிழ் அங்கே போனால் கேள்விக்குறிகளாக விழுகிறது. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்ததோ உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால் சேதமில்லாமல் போய்ச் சேருகிறது.

மழை நாளில் எங்கள் பக்கம் இணையம் தவழும். 1024க்கு 768 திரையில் 7,86,432 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் என்றால் ஒரு முழுத் திரைக்கு 15 லட்சம் பைட்டுக்கு மேல். மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புவதால்தான் இது ஓடுகிறது. கடைக் கணினியின் பின்னணியில் மாத்தூர் தொட்டிப் பாலத்தின் படம் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஜன்னலை மூடும்போதும் அந்தப் பாலம் துண்டு துண்டாக வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனமில்லாமல் அதை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறம் வைத்தேன், நிறங்களை 256ஆகக் குறைத்தேன். நோட்டீஸின் கறுப்பு எழுத்துக்கு அது போதும். வீட்டில் மின்சாரம் போனாலும் கடையில் திறந்த பக்கம் திறந்தபடியே இருக்கும். மின்சாரம் வந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்வேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. விஎன்சியில் நான் பார்க்கும் அதே திரை கடையில் இருப்பவருக்கும் தெரிகிறது. நான் கருங்கலிலிருந்து ஒரு படத்தை நகர்த்தி, அதைச் சுற்றி எழுத்தை ஓடவிட, அந்தப் பெண் மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு அவள் செய்வாள், நான் பார்ப்பேன். "அக்கா, இந்தத் தலைப்பு கொஞ்சம் மேலே போகலாம் போலிருக்கிறதே" என்று நான்காம் மாதம் அவளாகவே சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். நூற்றாண்டு மலரின் கடைசி 60 பக்கங்களை அவள்தான் கட்டினாள். நான் பக்கத்தில் நின்றிருந்தால் அவள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி நானே செய்து முடித்திருப்பேன்.

மோசடி உண்மை, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மின் கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று வந்த அழைப்பை நம்பி, அவர்கள் சொன்ன செயலியைக் கைப்பேசியில் ஏற்றி, திரையில் வந்த எண்ணைப் படித்துக் காட்டி, சேமிப்பை இழந்தார். இந்த வகைத் திருட்டைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது. பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதைத் தங்கள் கட்டுரை சொன்னது நல்லது. ஆனால் அவர் செய்ததும் நான் செய்வதும் ஒன்றல்ல. அவரை ஒரு அந்நியன் அழைத்தான். அந்த எண்ணைப் படித்துக் காட்டியபோது சாவியையே கொடுத்துவிட்டார். நான் என் சாவியோடு என் கடைக்குப் போகிறேன். வாசகருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாவற்றையும் நீக்கச் சொன்னால், மோசடிக்காரனுக்கு ஒரு நட்டமும் இல்லை. தாயைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே அலுவலகக் கணக்கை எழுதும் பெண்ணுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும்தான் வழி அடைபடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அதே இணைப்பில், அதே அளவு இடத்தில், தொலைதிரையைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிடுங்கள். விஎன்சியின் 5900, ஆர்டிபியின் 3389 போன்ற போர்ட்களை இணையத்துக்கு நேராகத் திறக்கக் கூடாது என்ற ஒரே வரியைக் கொட்டை எழுத்தில் போட்டாலும் பல கடைகள் தப்பும். நாகர்கோவில், தக்கலை, குளச்சல் என்று இந்த மாவட்டம் முழுக்க என்னைப் போல் பழைய கணினியில் பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு தவிக்கும் டிடிபிக்காரர்கள் இருக்கிறார்கள். எத்தனையோ ஊர்களின் திருவிழாக்களும் மலர்களும் அந்தக் கணினிகளில்தான் இருக்கின்றன.

என் கால் இப்போது பரவாயில்லை, வாரத்தில் நான்கு நாள் கடைக்கு வருகிறேன். அண்ணன் மகன் செய்த அமைப்பை வரிசையாகத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வேண்டுபவர்கள் வந்தால் ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஞாயிறு மட்டும் கடை திறப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
டிடிபி கடைக்காரர், மார்த்தாண்டம்