வண்டிக்கடை மாமாவுக்கு, அந்தச் சிவப்புப் பொடியைப் பற்றி

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கே.எஃப்.சி.க்குக் கூட்டிப்போனோம். எனக்கும் அதுதான் முதல் தடவை. சாப்பிட்டு முடிக்கிறவரை உங்கள் கோழி வறுவல் வண்டி ஞாபகம்தான். போனில் சொன்னால் 'சரி சரி, வியாபாரம் ஓடுது' என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். சாயங்காலமானால் எண்ணெய்ச் சட்டி ஏற்றுகிற மற்ற வண்டிக்காரர்களும் படிக்கட்டும்.

நிறத்துக்காகக் கோழியில் போடுகிறீர்களே, அந்தச் சிவப்புச் சாயப் பொடியை விட்டுவிடுங்கள் மாமா. சொல்ல வந்தது அதுதான்.

'கலர் இல்லாட்டி எவன் வாங்குவான்?' என்பீர்கள். அங்கே தட்டில் வந்த கோழியில் சிவப்பு என்பதே கிடையாது. நன்றாக வெந்த முறுக்கு நிறம். மேலே மாவு செதில் செதிலாகப் பொரிந்து நின்றது, பாப்பா முதலில் அதைத்தான் உரித்துத் தின்றாள். அதற்கு அடியில் கறி வெள்ளை வெளேரென்று இருந்தது. லெக் பீஸைப் பிய்த்தால் விரலெல்லாம் சாறு, எலும்பை ஒட்டின இடம்வரை உப்பு ஏறியிருந்தது. பக்கத்து மேசையில் கல்லூரிப் பையன்கள் ஒரு வாளிக் கோழியையே காலி செய்தார்கள். உங்கள் வண்டிக்கு வருகிற அதே வயசுப் பையன்கள். ஒருத்தனும் கலரைத் தேடவில்லை.

கர்நாடகத்தில் 2024 ஜூனில் சிக்கன் கபாப், மீன் அயிட்டங்களில் செயற்கை நிறம் போடக் கூடாது என்று தடையே போட்டுவிட்டார்கள். கோழி வறுவலில் அதைச் சேர்க்க நம்மூரிலும் சட்டப்படி அனுமதி இல்லை. அதிகாரி வருவார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் கோழியைத் தின்று வளர்ந்தவன் நான், இன்றைக்குத் தெருப்பிள்ளைகள் தின்கிறார்கள். சிவப்பு வேண்டும் என்றே வைத்துக்கொண்டாலும் காஷ்மீரி மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடுங்கள். காரம் ஏறாது, நிறம் தானாக வரும்.

கறி வறண்டுபோகாமல் இருக்க கே.எஃப்.சி.யில் ஆரம்பத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தக் கடையை ஆரம்பித்த சாண்டர்ஸ் 1930-ல் அமெரிக்காவில் கார்பின் என்ற ஊரில் பெட்ரோல் பங்க் நடத்தியவர். வழிப்போக்கர்களுக்குச் சமைத்துப் போட்டார். சட்டியில் கோழி பொரிய அரை மணி நேரம் ஆனது, வந்தவர்களால் காத்திருக்க முடியவில்லை. 1939-ல் பிரஷர் குக்கரைக் கொஞ்சம் மாற்றி அதில் எண்ணெய் ஊற்றிப் பொரிக்கப் பழகினார். அழுத்தம் இருந்தால் கறிக்குள் இருக்கிற தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிப் போகாது, கறியும் சட்டென்று வெந்துவிடும். பிறகு புது நெடுஞ்சாலை அவர் கடையை விட்டு விலகிப் போனதும், 65 வயசுக்கு மேல் காரில் குக்கரையும் மசாலாவையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தன் பக்குவத்தை மற்ற ஓட்டல்களுக்குக் கொடுத்தார். உங்களுக்கு இன்னும் அந்த வயசு ஆகவில்லை.

ஆனால் நம் வீட்டுக் குக்கரில் எண்ணெய் ஊற்றிப் பொரித்துப் பார்க்காதீர்கள். அது தண்ணீருக்குச் செய்தது. கேஸ்கட் பிய்த்துக்கொண்டால் கொதிக்கிற எண்ணெய் முகத்தில்தான் அடிக்கும். நீங்கள் காலையிலேயே கறியை உப்பும் தயிரும் போட்டு ஊறவையுங்கள், அது போதும். உப்பு உள்ளே இறங்கினால் கறி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் மசாலா தடவி உடனே சட்டியில் போடுகிறீர்கள் பாருங்கள், அதனால்தான் நெஞ்சுக்கறி நார் நாராகிவிடுகிறது. அரைவேக்காடாக எடுத்து வைத்து ஆள் வந்ததும் திரும்பப் பொரிக்கிறதையும் குறையுங்கள்.

அங்கே இல்லாதது உங்களிடம் எவ்வளவோ இருக்கிறது. கடைசியில் எண்ணெயில் போட்டுப் படபடவென்று வெடிக்க விடுகிற கறிவேப்பிலை வாசத்துக்கு நான் அங்கே ஏங்கிப்போனேன். நறுக்கின வெங்காயம் இல்லை, எலுமிச்சை இல்லை. அவர்கள் ஒரு துண்டுக்கு வாங்குகிற காசுக்கு உங்களிடம் இரண்டு தட்டு வாங்கலாம். உங்கள் கைப்பக்குவத்துக்குச் சாயம் எதற்கு மாமா?

வருகிற சனிக்கிழமை ஒரு கிலோ மட்டும் பொடி போடாமல் தனியாகப் பிசைந்து வையுங்கள். எண்ணெயும் அன்றைக்குப் புதுசாக இருக்கட்டும். பாப்பாவோடு ஏழு மணிக்கு வருகிறேன். எங்களுக்குக் கால் கிலோ எடுத்து வைத்துவிட்டு, மீதியை வழக்கமாக வருகிற பையன்களுக்குக் கொடுத்து என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்