வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இரண்டு நிமிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் விண்கற்கள் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். 1908-இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் காட்டையே சாய்த்த வெடிப்பை 'இன்றுவரை விடை கிடைக்காத மர்மம்' என்று போட்டிருக்கிறீர்கள். செல்யாபின்ஸ்க் பற்றி, 'விண்கல் விழுந்து 1,500 பேர் காயம்' என்று ஒரே ஒரு வரி. இரண்டும் மனதை உறுத்தின. நான் விஞ்ஞானம் படித்தவன் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். செல்யாபின்ஸ்கில் அத்தனை பேரையும் மருத்துவமனைக்கு அனுப்பியது பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடிதான். அதனால் இதைப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

2013 பிப்ரவரி 15, ரஷ்யாவின் உரால் மலைப் பக்கம் உள்ள செல்யாபின்ஸ்க் நகரம், காலை ஒன்பதே காலைத் தாண்டிய நேரம். சுமார் 20 மீட்டர் அகலமும் 12,000 டன் எடையும் உள்ள ஒரு சிறுகோள் நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைந்தது. அந்த வேகத்துக்கு முன்னால் விலகிப்போகக் காற்றுக்கு நேரமே கிடையாது. அமுங்கி அமுங்கிச் சுவர் மாதிரி நிற்கும். கல்லின் முன்பக்கம் அவ்வளவு அழுத்தம், பின்பக்கம் ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே விரிசல் ஓடிய கல் அதைத் தாங்குமா? நொறுங்கியது. நொறுங்கியவுடன் காற்று மோதும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. அதுவரை இருந்த வேகமெல்லாம் சில நொடிகளில் வெளிச்சமாகவும் வெப்பமாகவும் அதிர்வலையாகவும் மாறிவிடுகிறது. கல்லுக்குள் வெடிமருந்து எதுவும் கிடையாது, வேகம்தான் வெடிக்கிறது. தரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் இது நடந்தது. வெளிப்பட்ட ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வெளிச்சம் உடனே வந்துவிட்டது, ஒரு கணம் சூரியனையே மிஞ்சுகிற வெளிச்சம். சத்தம் வரவில்லை. மின்னல் வெட்டி இடி கேட்கத் தாமதமாகிற அதே கணக்குதான், ஆனால் இங்கே தூரம் அதிகம். நகரத்துக்கு அதிர்வலை வந்துசேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் ஜனங்கள் என்ன செய்தார்கள்? வானத்தில் புகைக் கோடு தெரிகிறதே என்று பார்க்க ஜன்னலோரம் போய் நின்றார்கள். அப்புறம் கண்ணாடி வெடித்தது.

அந்த வீடியோக்களைக் கடையில் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கிற பையன், "அண்ணே, யாராவது ஒருத்தர் தள்ளி வாங்கன்னு சொல்லியிருக்கலாமே" என்றான். அப்படிச் சொன்னவர் ஒருவர் இருந்தார். அங்கே ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை, வெளிச்சத்தைப் பார்த்ததும் 44 பிள்ளைகளையும் மேஜைக்கு அடியில் போகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஒருவருக்கும் கண்ணாடி படவில்லை. ஆசிரியை மட்டும் நின்றுகொண்டிருந்ததால் கையில் ஆழமாக வெட்டுப்பட்டது. என்ன வெடித்தது என்று அவருக்கும் அப்போது தெரியாது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கண்ணாடி எப்படி உடைகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். காற்று தள்ளும்போது கண்ணாடி நடுவில் வளையும். வீட்டு ஜன்னலில் போடுகிற நாலு எம்எம் பிளெயின் கண்ணாடி ஓரளவுக்குமேல் வளையாது. ஓரத்தில் வெட்டும்போது விட்டுப்போன ஒரு சின்னச் சில்லு இருந்தால் அங்கிருந்தே விரிசல் ஓடும். உடைந்தால் நீள நீளமாக, கத்தி மாதிரி துண்டுகள். டஃபன்டு, அதாவது சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடி என்றால் கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிரும். கார் முன்கண்ணாடி மாதிரி நடுவே பிலிம் வைத்தது உடைந்தாலும் ஒட்டிக்கொண்டே நிற்கும். நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நான் மாட்டுவது பெரும்பாலும் முதல் வகைதான்.

செல்யாபின்ஸ்க் வெடிப்பை ஆய்வாளர்கள் ஆராய்ந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ரஷ்யாவின் ஓல்கா போபோவா, அமெரிக்காவிலிருந்து போன பீட்டர் யென்னிஸ்கென்ஸ் ஆகியோரின் குழு அடுத்த சில வாரங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு நேரில் போய், எங்கே ஜன்னல் உடைந்தது, எங்கே உடையவில்லை என்று விசாரித்தது. கல் வந்த பாதையின் இரண்டு பக்கமும் சுமார் 90 கிலோமீட்டர் வரை சேதம். உடைந்த கண்ணாடியே அவர்களுக்கு அளவுகோல். ரஷ்யாவில் கார்களில் கேமரா வைத்து ஓட்டுவது வழக்கமாதலால் படங்களுக்கும் குறைவில்லை. கேமரா இருந்த அதே இடத்துக்கு இரவில் போய், பின்னணியில் தெரிகிற நட்சத்திரங்களை வைத்துக் கோணத்தைச் சரிபார்த்துப் பாதையைக் கணக்கிட்டார்கள். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் வைத்திருக்கும், காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் நிலையங்களிலும் இது பதிவானது.

இப்போது துங்குஸ்காவுக்கு வருகிறேன். 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவில் சுமார் 2,150 சதுர கிலோமீட்டர் காடு சாய்ந்தது. சோவியத் ஆய்வாளர் லியோனிட் கூலிக் 1927-இல்தான் அங்கே போய்ச் சேர முடிந்தது. பெரிய பள்ளம் இருக்கும் என்று தேடினார், இல்லை. நடுவில் மரங்கள் கிளையெல்லாம் போய்க் கம்பம் மாதிரி நின்றுகொண்டே இருந்தன. மேலிருந்து நேராக இறங்கிய அதிர்வலை கிளையை முறிக்கும், மரத்தைப் பக்கவாட்டில் தள்ளாது. அதுதான் காரணம். 1960-களில் சோவியத் ஆய்வாளர்கள் குச்சிகளை நட்டு ஒரு பொம்மைக் காடு செய்து, அதற்கு மேலே கம்பி வழியாகச் சிறு வெடிகளை இறக்கிப் பார்த்தார்கள். துங்குஸ்காவில் மரங்கள் சாய்ந்து கிடந்த அதே பட்டாம்பூச்சி வடிவம் வந்தது! வந்தது சிறுகோளா, வால்நட்சத்திரத் துண்டா என்கிற வாதம் நடக்கிறது. சரி, நடக்கட்டும். ஆனால் அது தரையைத் தொடாமல் வானில் வெடித்தது என்பதில் மர்மம் என்ன இருக்கிறது? இத்தனை பேரின் உழைப்பை அந்த ஒரு வார்த்தை மறைத்துவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

'முன்கூட்டியே கண்டுபிடித்துவிட மாட்டார்களா' என்று வாசகர்கள் கேட்கலாம். சில சமயம் முடிகிறது. 2008 அக்டோபர் 6 அன்று அரிசோனாவில் ஒரு தொலைநோக்கியில் சிறுகோள் ஒன்று தென்பட்டது. அகலம் நாலு மீட்டர்தான் இருக்கும். ஒரு நாள் முடிவதற்குள் அது சூடானின் பாலைவனத்துக்கு மேலே, விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் வெடித்தது. கார்த்தூம் பல்கலைக்கழக மாணவர்கள் வரிசையாகப் பாலைவனத்தில் நடந்து அதன் துண்டுகளைப் பொறுக்கியெடுத்தார்கள். செல்யாபின்ஸ்க் கல்லோ சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. தரையிலுள்ள தொலைநோக்கிகளால் பகல் வெளிச்சத்துக்குள் பார்க்க முடியாது. அன்று அந்த ஊருக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை அந்த வெளிச்சம்தான்.

இதனால் யாரும் பயந்து கிடக்க வேண்டியதில்லை. அந்த அளவுக் கல் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வருவது, அதுவும் பெரும்பாலும் கடலுக்கு மேலேயே போய்விடும். 2018 டிசம்பரில் பெரிங் கடலுக்கு மேலே பெரிதாக ஒன்று வெடித்தபோது கீழே இருந்தவர்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த ஆசிரியை செய்த காரியம் வேறு இடத்திலும் உதவும். 2020-இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோதும், புகையைப் பார்க்க ஜன்னலில் நின்ற எத்தனையோ பேரைக் கண்ணாடிதான் கிழித்தது.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடைந்த கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். ஜன்னலை ஒட்டியே பெஞ்சு. புட்டி வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து நின்றான், அவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ சத்தம் வர்ற வரைக்கும் கீழயே இருக்கணுமா அண்ணே?" என்றான். ஆமாம் என்றேன். வந்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கணும், பின்னாலேயே இன்னொரு அதிர்வும் வரலாம் என்றேன்.

துங்குஸ்கா நடந்த ஜூன் 30-ஐத்தான் ஐ.நா. உலகச் சிறுகோள் தினமாக அறிவித்திருக்கிறது. அந்த வாரத்து இதழின் சிறுவர் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், மூன்றே வரி போதும்: வானத்தில் கண் கூசும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகாதே. மேஜைக்கு அடியில் போ. பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிடு.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடை நடத்தும் வாசகர்,
திண்டுக்கல்.